சுவரில் நீ ஒட்டிய தாள்

மகனே,

நேற்று நீ போனில் பதினைந்து கே.வி.ஏ. ஜெனரேட்டர் என்று சொன்னதும் நான் பேச்சு மூச்சில்லாமல் இருந்துவிட்டேன். லைன் போய்விட்டது என்று நினைத்து, "அம்மா, கேக்குதா? அம்மா?" என்று மூன்று தடவை கூப்பிட்டாய். கேட்டது. நன்றாகவே கேட்டது. கல்யாணத்துக்கு நீ மஸ்கட்டிலிருந்து வருவதற்குள் வீட்டில் பெரிய ஜெனரேட்டர் இறங்கிவிட வேண்டும், ஏ.சி., மோட்டார், கிரைண்டர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டாலும் அது அசையக் கூடாது என்றாய். இந்த வீட்டில் இருப்பவள் நான் ஒருத்தி. இரண்டு பேன், ஒரு பிரிட்ஜ், ஒரு டி.வி. கல்யாணப் பந்தலுக்கு வேண்டிய ஜெனரேட்டரைப் பந்தல்காரரே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். இதை நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீ, "இனி நம்ம வீட்டுல ஒரு நிமிஷம் கரண்டு இல்லாம இருக்கப்படாதும்மா, அன்னைக்கே பெருசு வாங்கியிருந்தா அப்பா இருந்திருப்பாவ" என்றாய். அதற்கு மேல் கேட்க முடியாமல் போனை வைத்துவிட்டேன்.

போன வாரம் ஷைனி இங்கே வந்திருந்தாள். தன் கல்யாணச் சேலைக்கு ரவிக்கை அளவு கொடுக்க வந்ததாகச் சொன்னாள். நான் தைத்துக் கொடுக்கிறவள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். காப்பி குடித்து முடித்த பிறகும் தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அத்தே, அவியகிட்ட நான் என்ன பேசினாலும் கடைசியில ஒரே எடத்துக்குத்தான் வாராவ. 'நான் வாங்கிப் போட்ட சாமானாலதான் எங்கப்பா உசுரு போச்சு, என்னெ நம்பி வாறதுக்கு முன்னால நல்லா யோசிச்சுக்கோ'ன்னு சொல்லுதாவ. நான் என்ன பதில் சொல்லட்டும்?" அந்தப் பெண் உன்னைக் குறை சொல்ல வரவில்லை. உனக்காக அழ வந்திருந்தாள். பதில் தெரிந்த நான் அவள் எதிரிலேயே பாய் முடைகிறவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் பஸ் ஏறிப் போன பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். அப்படியும் ஒரு வாரத்தை ஓட்டினேன். நேற்று உன் போன் வந்தது.

இருபத்தெட்டு வருஷம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்தவள் நான். அதனால் முதலில் அந்தப் பதினைந்து கே.வி.ஏ. கணக்கையே பார்த்துவிடுவோம். உன்னிடமே உன் பாடத்தை ஒப்பிக்கிறேன், சிரித்துக்கொள். ஜெனரேட்டர் பெரிதாக இருந்தால் போதும் என்பது விவரம் தெரியாதவர்கள் பேச்சு என்று நீதான் சொன்னாய். எது கட்டாயம் வேண்டும், எது இரண்டு மணி நேரம் காத்திருக்கும், எது எதனோடு சேரக் கூடாது என்று பிரித்து வைத்தால் சின்ன மெஷினில் ஒரு குடும்பம் ஒரு வாரம் ஓட்டலாம் என்றாய். பிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும் என்றாய். சூடாக்குகிற சாமானும் சுற்றுகிற சாமானும்தான் அதிகம் இழுக்கும் என்றாய். நான் ஒன்றையும் மறக்கவில்லை. நான் மறந்துபோனதால் நடந்தது இல்லை இது.

அந்த ஜெனரேட்டர் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். அப்பாவுக்கு ஆக்சிஜன் மெஷின் எப்போதும் மூக்கில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்ட வருஷம். மயிலாடியில் முப்பது வருஷம் கல்லுக்கு மெஷினில் பாலிஷ் போட்டு, அந்தத் தூசியெல்லாம் நெஞ்சில் தங்கிவிட்டது. நீ லீவில் வந்த மறுநாளே மார்த்தாண்டத்துக்குப் போய் இரண்டு கே.வி.ஏ. மெஷின் ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாய். அப்பா கட்டிலில் இருந்தபடியே, "எதுக்குலே மக்கா இதெல்லாம்? கரண்டு போனா ரெண்டு மணிக்கூறுல வந்துரும்லா" என்றார். ஆனால் நீ பின்பக்கம் தகரக் கூரை போட்டு அதை நிறுத்தி, ஒயர் இழுத்து, லைன் கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வைத்து முடிக்கிற வரைக்கும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். வந்தவர்கள் எல்லாரிடமும், "மகன் எனக்குன்னு வாங்கிப் போட்டது" என்று காட்டினார்.

அன்றைக்கு எனக்கும் பாடம் எடுத்தாய். அடுக்களை வாசலுக்கு மேல் ஒரு சின்ன சிவப்பு பல்பை மாட்டி, அதைப் பார்க்கச் சொல்லிவிட்டு, கிணற்று மோட்டாரைப் போட்டாய். பல்பு ஒரு நொடி மங்கித் தெளிந்தது. "பாத்தியளாம்மா? அரை எச்.பி. மோட்டாருதான். ஓடும்போது பாவம்போல ஓடும். ஆனா எழும்பும்போது மூணு மடங்கு இழுக்கும். அந்த ஒரு நொடியிலதான் எல்லாம் இருக்கு" என்றாய். உள்ளேயிருந்து அப்பா, "உனக்க அம்மையும் அப்பிடித்தான், எழும்பும்போது மட்டும்தான் சத்தம்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். சிரித்ததில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. நீ ஓடிப்போய் முதுகைத் தடவினாய். பிறகு ஒரு முழு வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் நாலு வரி எழுதி, சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டினாய். மூன்றாவது வரிக்குக் கீழே சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டாய். "டீச்சருக்கே வீட்டுப்பாடம்" என்று என்னைக் கேலி செய்தாய்.

புயல் வந்த அன்று நீ அங்கே இருந்தாய், நாங்கள் இங்கே இருந்தோம். தென்னையும் ரப்பரும் சாய்ந்து, போஸ்ட்டுகள் ஒடிந்து, ரோடே தெரியவில்லை. போன் டவரும் விழுந்துவிட்டது. முதல் நாள் உன் தாளில் இருந்தபடியே செய்தேன். மோட்டார் போட வேண்டுமானால் கட்டிலுக்குக் கீழே இருந்த சின்ன சிலிண்டரை இழுத்து, அப்பாவின் குழாயை மெஷினிலிருந்து கழற்றி அதில் மாட்டி, பிரிட்ஜை அணைத்து, அதற்குப் பிறகுதான் மோட்டார். தொட்டி நிறைந்ததும் திரும்ப ஒவ்வொன்றாக. அப்பா கட்டிலில் இருந்தபடியே மேற்பார்வை பார்ப்பார். "மூணாவது வரிய வாசிச்சியாட்டி?" என்பார். எனக்குக் கோபம் வரும்.

இரண்டாம் நாள் எனக்கு இடுப்பு பிடித்திருந்தது. சிலிண்டரைக் குனிந்து இழுக்க முடியவில்லை. பிரிட்ஜை மட்டும் அணைத்துவிட்டு, அப்பாவை மெஷினிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போட்டேன். பல்பு மங்கியது, தெளிந்தது. ஒன்றும் ஆகவில்லை. பார்த்தாயா, இந்தப் பயல் தேவையில்லாமல் பயமுறுத்துகிறான் என்று மனதுக்குள் உன்னை ஏசினேன் மகனே. அப்பாவிடம் சொல்லவில்லை. இந்த இரண்டாம் நாளைத்தான் நான் அதிகம் வெறுக்கிறேன். அன்றைக்கே மெஷின் நின்றிருந்தால், நான் பக்கத்தில் இருந்தேன், கதவு திறந்திருந்தது, பயந்து புத்தி வந்திருக்கும்.

மூன்றாம் நாள் ரோட்டை வெட்டித் திறந்தார்கள். மத்தியானம் மூன்று மணி இருக்கும். அப்பாவுக்காக ஜெபம் செய்யச் சபைப் பெண்கள் இருபது பேர் நடந்தே வந்தார்கள். பாதிப் பேர் வீட்டில் ஓடு இல்லை, கிணற்றில் மரம் கிடக்கிறது, அப்படியும் வந்தார்கள். டவர் வந்ததும் பேசலாம் என்று, அக்கம்பக்கத்து வீட்டார் எல்லாருக்கும் நம் வீட்டில்தான் போன் சார்ஜ் ஏறியது. மேஜைமேல் பத்துப் பன்னிரண்டு போன் கிடந்தது. பக்கத்து வீட்டு லில்லியின் கைக்குழந்தைக்குப் பால் வைத்திருந்ததால் பிரிட்ஜும் ஓடியது. அப்பாவின் அறை சின்னது. எல்லாரும் நாலைந்து பேராக உள்ளே போய் அவர் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, ஹாலில் வந்து உட்கார்ந்தார்கள். கீர்த்தனை பாடப் புஸ்தகத்தை எடுக்கும்போது போதகரம்மா என் காதருகில் வந்து, "டீச்சர், பாத்ரூம்ல தண்ணி வரல்லியே" என்றார்.

அவ்வளவுதான். ஒரு பெண் என் காதில் சொன்னது அந்த நாலு வார்த்தைதான். எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. டீச்சர் வீட்டில், ஜெனரேட்டர் வைத்திருக்கிற வீட்டில், வந்தவர்களுக்குக் கை கழுவத் தண்ணீர் இல்லை. வாளியில் கோரி வைத்திருக்கலாம். கிணறு பத்தடி தூரத்தில் இருந்தது. அந்த இருபது பேரில் யாரிடம் சொன்னாலும் கோரித் தந்திருப்பார்கள். நான் என்ன செய்தேன் என்றால், முதலில் அப்பாவின் அறைக் கதவைச் சாத்தினேன். கட்டிலடியில் மூத்திரச் சட்டி கழுவாமல் இருந்தது, பாத்ரூமுக்குப் போகிறவர்கள் கண்ணில் பட்டுவிடும் என்று. அப்பா, "கதவு தொறந்து கெடக்கட்டுமேட்டி. பாட்டு கேக்கும்லா" என்றார். "அஞ்சு நிமிஷம் சும்மா கெடங்க" என்று சொல்லிவிட்டுச் சாத்தினேன். நான் அவரிடம் கடைசியாகப் பேசியது அது.

பிறகு அடுக்களைக்குப் போய், உன் தாளுக்குப் பக்கத்தில் கையை நீட்டி மோட்டார் சுவிட்சைப் போட்டேன். பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்க வேண்டும் என்று தெரியும். சிலிண்டருக்கு மாற்ற வேண்டும் என்று தெரியும். நேற்று ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்தேன். போட்டுவிட்டு, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்து, சிவப்பு பல்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

மோட்டார் எழும்பின அந்த நொடியிலேயே, இழுப்பு தாங்காமல் ஜெனரேட்டரின் பிரேக்கர் விழுந்து கரண்டை வெட்டிவிட்டது. ஆனால் என்ஜின் நிற்கவில்லை மகனே. அது பின்பக்கம் பழையபடி உறுமிக்கொண்டே இருந்தது. மழைக் குளிரில் பேன் போடவில்லை, பகலில் லைட் போடவில்லை. கரண்டு போனது ஹாலில் ஒருவருக்கும் தெரியவில்லை. சத்தம் கேட்கிறது என்றால் கரண்டு இருக்கிறது என்று அர்த்தமில்லை என்று நாலாவது வரியில் நீ எழுதியிருந்தாய். நாங்கள் பாடினோம். எத்தனை வீட்டுத் துக்கம் அந்தப் பாட்டில் இருந்ததோ, கூரையை எடுத்துவிடுகிற மாதிரிப் பாடினார்கள். நானும் பாடினேன். உள்ளே ஆக்சிஜன் மெஷின் கரண்டு இல்லை என்று கூவிக்கொண்டு இருந்திருக்கிறது. ஒரு பாட்டு முடிந்து அடுத்ததும் பாதி ஆகியிருக்கும். லில்லி போனை எடுக்க வந்தவள் என் தோளைத் தொட்டு, "டீச்சர், போனு சார்ஜே ஏறல்லியே, கரண்டு இல்லியா?" என்றாள்.

நான் எழுந்து ஓடினதில் கீர்த்தனைப் புஸ்தகம் எங்கே விழுந்தது என்று தெரியாது. கதவைத் திறந்ததும் அந்தக் கூவல் முகத்தில் அறைந்தது. அப்பா கட்டிலின் ஓரத்துக்கு வந்து கதவைப் பார்த்துக் கிடந்தார். தேவைப்பட்டால் தட்டிக் கூப்பிடுவதற்கு வைத்திருந்த எவர்சில்வர் தம்ளர் தரையில் கிடந்தது. ஸ்பூன் கையிலேயே இருந்தது. தட்டியிருக்கிறார் மகனே. எத்தனை நேரம் தட்டினார் என்று எனக்குத் தெரியாது. சிலிண்டரை மாட்டினோம், போதகரம்மா நெஞ்சை அழுத்தினார், ஒன்றுக்கும் அசையவில்லை. அந்த மோட்டார் தொட்டிக்கு ஒரு குடம் தண்ணீர்கூட ஏற்றியிருக்கவில்லை. அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீரைக் கிணற்றிலிருந்து வாளியில்தான் கோரினார்கள்.

இதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் உன்னிடம் சொல்லத் தைரியமில்லாமல் நாலு வருஷம் ஓட்டினேன். எல்லாரும் வெளியே பெட்டிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது, நான் பின்பக்கம் போய் அந்தப் பிரேக்கரைத் தூக்கி வைத்தேன். அடுக்களைக்கு வந்து மோட்டார் சுவிட்சை அணைத்தேன். உன் தாளைச் சுவரிலிருந்து கிழித்தேன். டேப் ஒட்டிய இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து வந்தது. அப்போது நான் உன்னைத்தான் நினைத்தேன். நீ வந்து அந்தத் தாளைப் பார்ப்பாய், என்னைப் பார்ப்பாய் என்று பயந்தேன். வேறு எந்தக் காரணமும் இல்லை.

திருவனந்தபுரத்தில் இறங்கி நீ வந்து சேர இரண்டு நாள் ஆனது. ஜெனரேட்டரில் கரண்டு தானாக நின்றுவிட்டது என்றுதான் உனக்குச் சொல்லியிருந்தேன். கல்லறையிலிருந்து திரும்பியதும் நேரே ஜெனரேட்டரிடம் போனாய். "என்னெல்லாம் ஓடிச்சும்மா அப்ப?" என்று கேட்டாய். "அப்பா மெஷின் மட்டுந்தான் மக்கா" என்றேன். "இங்க ஒட்டியிருந்த தாளு எங்க?" என்றாய். "சாரல் அடிச்சு நனைஞ்சு போச்சு" என்றேன். அடுக்களைக்குள் எங்கே சாரல் அடிக்கும்? நீ அதைக்கூட யோசிக்கவில்லை. அம்மா சொன்னால் சரி என்று எடுத்துக்கொண்டாய். ஜெனரேட்டரைப் பிரித்து ஒவ்வொரு சாமானாகத் துடைத்துப் பார்த்தாய், ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. முன்னூற்றைம்பது வாட் ஆக்சிஜன் மெஷினைக்கூட இது தாங்கவில்லையா என்று தகரக் கூரைக்கு அடியில் எண்ணெய்க் கையோடு உட்கார்ந்து அழுதாய். "வெல கொறவுன்னு சின்னத வாங்கிட்டேம்மா. நாந்தாம்மா அப்பாவ கொன்னுட்டேன்." நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் தடவிக்கொண்டே இருந்தேன். மகனே, அந்த ஜெனரேட்டரை நீ ஆக்கர்காரனுக்குப் பழைய இரும்பாகத் தூக்கிக் கொடுத்தபோதும் வாசலில் நின்று பார்த்தேன். அது நல்ல மெஷின். நீ பார்த்துப் பார்த்து வாங்கினது.

டாக்டர் அப்போதே சொன்னார், நுரையீரல் முக்கால்வாசி முடிந்துவிட்டது, ஆறு மாதம் தாண்டியிருக்காது என்று. அதை வைத்து நான் தூங்கப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கிறிஸ்மஸுக்கு நீ டிக்கெட் போட்டிருந்தாய். அப்பா உன்னைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார். அதை இரண்டு பேருக்கும் இல்லாமல் செய்தவள் நான். அதற்கு மேல், நீ செய்யாத தப்பை உன் தலையில் வைத்து, அதைச் சுமந்துகொண்டு நீ நாலு வருஷம் நடப்பதைப் பார்த்துக்கொண்டும் இருந்தேன். கரண்டு வேலையே வேண்டாம் என்று கம்பெனியில் ஸ்டோருக்கு மாறினாய். லீவு கிடைத்தும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். எனக்கு மிச்சம் இருப்பது நீ ஒருவன்தானே, நீயும் போய்விட்டால் என்று வாயை மூடிக்கொள்வேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. என்றாலும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பிள்ளைக்கு அம்மா ஏதாவது சொல்ல வேண்டுமே. உன் வீட்டில் ஜெனரேட்டர் வைத்தால் இரண்டு கே.வி.ஏ. போதும். பதினைந்து வேண்டாம். சிவப்பு பல்பை ஆட்கள் உட்காருகிற இடத்துக்கு நேரே மாட்டு. உடம்பு சரியில்லாதவர் இருக்கிற அறைக் கதவை யாருக்காகவும் சாத்தாதே. வீட்டில் தண்ணீர் இல்லை என்றால், தண்ணீர் இல்லை என்று வந்தவர்களிடம் சொல். ஷைனியிடம் உன் தப்பை அன்றைக்கு அன்றே சொல்லிவிடு, நாலு வருஷம் ஆனால் சொல்ல வாய் வராது. நீ பழையபடி கரண்டு வேலைக்கே போக வேண்டும். உன்னைப் போல அதைச் சொல்லித்தந்தவனை நான் பார்த்ததில்லை.

மன்னித்துவிடு என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. கோயிலில் உன் பக்கத்தில் நான் நிற்க வேண்டாம் என்று தோன்றினால் சொல், நான் கடைசி பெஞ்சில் இருந்துகொள்வேன். அங்கேயும் வேண்டாம் என்றால் வீட்டில் இருக்கிறேன். போன் செய்ய மனம் வராவிட்டால் செய்யாதே. எனக்காக நீ உன்னைக் கட்டாயப்படுத்தினது போதும்.

கிழித்த தாளை நான் எரிக்கவில்லை. அப்பாவின் வேதாகம உறைக்குள் மடித்து வைத்திருந்தேன். இந்தக் கடிதத்தோடு அதையும் வைக்கிறேன், நாலு மூலையிலும் சுண்ணாம்பு அப்படியே ஒட்டியிருக்கிறது, உதிர்ந்துவிடாமல் பிரி. ஷைனிக்கும் காட்டு. மூன்றாவது வரியை வாசி மகனே. "மோட்டார் போடணும்னா அப்பாவைச் சிலிண்டருக்கு மாத்தணும், பிரிட்ஜை அணைக்கணும், அதுக்குப் பிறகுதான் போடணும்." உன் கையெழுத்து. அதன் கீழே சிவப்பில் இரண்டு கோடு. நீ எங்களிடம் சொல்லியிருந்தாய்.

அம்மா